இரண்டு பீலிகளுக்கு நடுவே

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் பனி விலகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே இரண்டு தண்ணீர்ப் பீலிகள், இரண்டு கட்சிகள் கட்டிக்கொடுத்தவை. அவரவர் கட்சிப் பீலியில்தான் அவரவர் குடம் வைப்பது வழக்கம். பிரதேச சபைத் தேர்தலுக்கு நேற்றுச் சுயேச்சையாக மனுக் கொடுத்துவிட்டு வந்த றோசாலி, வெறுங்குடத்தோடு நடுவில் நிற்கிறாள். இத்தனை நாள் பிடித்த பீலியில் அவள் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். அடுத்த பீலியில் நிற்கும் மாரியாயி முகம் பாராமலே சொல்கிறாள்: "ஒன்ன விட்டா என்னயும் பேசுவாங்க றோசாலி." றோசாலி வீட்டில் அடுப்பு எரிகிறது. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது. அவள் விரல்கள் குடத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. திடீரென்று இரண்டு பீலிகளும் ஒன்றாகக் காறி, இருமி, நின்றுபோகின்றன. இரண்டுக்கும் மலைமேல் ஒரே ஊற்று; அதன் வாயில் சருகு அடைத்திருக்கும். ஏறிப்போய் எடுத்தால் எதிர்ப் பீலிக்கும் தண்ணீர் வந்துவிடுமே என்று இரண்டு வரிசையும் அசையாமல் நிற்கிறது. பிறகு எல்லாக் கண்களும் மெல்ல றோசாலி பக்கம் திரும்புகின்றன. "நீதான் எந்தப் பக்கமும் இல்லையே," என்கிறாள் மாரியாயி, "வெரசா ஏறி எடுத்துவிட்டுட்டு வந்துரு."

"எடுத்துவிடுறேன். வந்து எந்தப் பீலியில கொடம் வைக்கிறது?"

குழாய்களில் காற்று மட்டும் சீறுகிறது.