தலைக்கு இருபது சதுர அடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தத் தையல் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தை இன்ஸ்பெக்டர் சுவரோடு சுவராக அளந்தார். டேப்பின் மறுமுனையை ஆயா பஞ்சவர்ணம் பிடித்திருந்தாள்.

"அறுநூறு சதுர அடி. தலைக்கு இருபதுன்னா முப்பது பிள்ளைங்களுக்குத் தாராளம்!"

"சட்டம்னா சட்டம் சார்" என்று குழைந்தார் மேனேஜர் கஜபதி.

"தொட்டில்ல ஒரு கறை இல்ல, மூத்திர வாடை இல்ல. பலே!"

'இந்த மூக்குக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது? தூ!' என்று மனசுக்குள் துப்பினாள் பஞ்சவர்ணம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப் ஏறினார். வேலை கேட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் திரும்பினார் கஜபதி.

"குழந்தை இருக்கா?"

"ஒண்ணு கீது சார்."

"அப்ப வேலை இல்ல, கிளம்பு. பிள்ளைக்காரி எவளையும் இங்க சேர்க்கிறதில்ல."

முப்பது தொட்டிலும் ஐந்து வருஷமாகக் காலிதான். பஞ்சவர்ணமும் ஆறு மாசத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு "இல்ல சார்" என்று சொல்லித்தான் ஆயா வேலை வாங்கியிருந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். வேலை முடிய இன்னும் மூன்று மணி நேரம். கள்ளிக்குப்பத்தில், பூட்டிய வீட்டுக்குள், அவளுடைய ஒரு வயது மகள் தவழ்ந்துகொண்டிருப்பாள், இடுப்பைக் கட்டில் காலோடு கட்டியிருக்கும் பழம்புடவை விடுகிற தூரம் வரைக்கும்.