றோஸ்மலர் கேட்ட கதிரை

"கால் நோகுதெண்டு சொல்லிச் சொல்லியே வேலையை இழக்கப் போறீர், பிள்ளை. நிக்க ஏலாத ஆளை இஞ்சை வச்சிருக்க மாட்டாங்கள்."

சவிரிமுத்து சொன்னதை றோஸ்மலர் காதில் போட்டுக்கொண்டால்தானே?

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருவரும் காவலர்கள். எண்பத்தெட்டாம் ஆண்டு. காலை தொடக்கம் மாலை வரை நின்றபடியே காவல். உட்காரக் கதிரை கிடையாது, இருந்தால் தூங்கிவிடுவார்களாம்.

"நேற்று பஸ்ஸுக்குப் பின்னாலை குதிரை மாதிரி ஓடேக்கை நோகேல்லையோ?"

"அது நேற்று, அண்ணை. இண்டைக்கு நோகுது."

சவிரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னார்க்காரர். செத்தாலும் ஒருவரிடம் உதவி கேட்கமாட்டார். டூட்டிங் தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் சனம் முழுக்க முழங்காலில் நிற்க, அவர் மட்டும் கடைசித் தூணோடு விறைப்பாக நிற்பார். 'ஆண்டவருக்கே முழங்காலிடாத திமிர்' என்று கோயில் வாசலில் கதைப்பார்கள். றோஸ்மலரும் சேர்ந்து கதைத்தவள்தான்.

அவர்கள் காவல் காத்த அறையின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இருக்கை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயீனோ மக்கள் கறுத்த மரத்தில் செதுக்கியது. ஒரு சாண் உயரம். முன்பக்கம் பல்லைக் காட்டும் முகம், கண்களில் பொன் தகடு. குலத்தலைவர் அமர்வது, பெரிய விருந்தாளி வந்தால் அவரையும் இப்படியொன்றில் இருத்துவார்களாம். இப்போது ஒருவரும் இராத அந்த இருக்கைக்கு இரண்டு பேர் நின்று காவல்!

தினமும் காலையில் றோஸ்மலர் மேலாளர் கார்ட்டரிடம் கதிரை கேட்டாள். தினமும் அவர் இல்லை என்றார். இன்று காலை, இனிக் கேட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

"உம்மடை சம்பளத்தை நம்பித்தானே வீடு ஓடுது?" சவிரிமுத்து இப்போது கெஞ்சாத குறை. "கால், கால் எண்டு கத்தாதையும். பிறகு டொக்டரைக் கூப்பிட்டு எல்லாற்றை காலையும் பாக்கப் போறாங்கள்."

"என்ரை காலைத்தானே பாப்பினம்? வடிவாப் பாக்கட்டும்."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். றோஸ்மலர் நேரே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தரையில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். இதுவும் பாடம்தான் என்று நினைத்தார்களோ என்னவோ, பிள்ளைகளும் அவளைச் சுற்றித் தரையில் இருந்தார்கள். வழி அடைபட்டது. வாசலில் சனம் நெரிந்தது.

கார்ட்டர் ஓடி வந்தார். "எழுந்திரு! இப்போதே உன்னை வேலையிலிருந்து நிறுத்துவேன்!"

"நிறுத்துங்கள்," என்றாள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "கடல் தாண்டி வந்தவர்களை அந்தச் சனம் இந்த மாதிரி இருக்கையில் இருத்தியதாம். நாங்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். நான் கேட்பது சும்மா ஒரு கதிரை."

"கதிரையைக் கொடுங்களேன்!" என்று ஒரு சிறுமி கத்தினாள். ஆசிரியை எழும்பச் சொல்லியும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை. கார்ட்டர் வாசலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார்.

பிற்பகல் ஒரு பழைய மரக்கதிரை வந்தது. "அறைக்கு ஒன்றுதான். யாராவது இருந்து தொலையுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார் கார்ட்டர்.

றோஸ்மலர் அதைத் துடைத்துச் சவிரிமுத்துவின் பக்கத்தில் வைத்தாள்.

"இருங்கோ அண்ணை."

"எனக்கேன்? உமக்கெல்லோ கால் நோ?"

"எனக்கு ஒரு நோவுமில்லை. இருங்கோ."

சவிரிமுத்து அவளையே பார்த்தார். அவர் கண் கலங்கியதை றோஸ்மலர் முதல்முறையாகக் கண்டாள்.

"அண்டைக்குப் பூசையிலை எனக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டனீர், என்ன?"

"ஓம் அண்ணை. அப்பதான் கண்டனான்."

அவர் கதிரையில் இருந்து, இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினார். அது கதிரைக்காலில் முட்டியபோது, மரத்தில் மரம் பட்ட சத்தம் கேட்டது.