தலைவர் வீட்டு வேர்கள்

மூடியைத் தூக்கியதும் நாறியது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். போன கிழமை வரை வேர்கள் அவித்த சேமியாவைப் போல வெள்ளை வெளேரென்று தொங்கின. இப்போது பழுப்பு. ஊறப்போட்டு மறந்துபோன தென்னந்தும்பு மாதிரி. விரலால் தொட்டார். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

அடுத்த வாளி. அதுவும்.

மற்ற இரண்டையும் அவர் திறக்கவில்லை. நாற்றமே சொல்லிவிட்டது.

இலைகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. கொஞ்சம் தொய்ந்து, நன்றியுரைக்குக் காத்திருக்கும் சபையைப் போல.

கஞ்சாச் செடிகள். மண் கிடையாது, வாளித் தண்ணீரிலேயே நின்று வளர்பவை. வீட்டுக்கு நான்கு வளர்க்கலாம் என்று கனடாச் சட்டம் விட்டுவிட்டது. சட்டத்துக்குப் பயந்து அவர் செடியை நிலவறையில் ஒளிக்கவில்லை.

அவர் பயந்தது ஸ்காபுறோத் தமிழருக்கு.

ஊர்ச்சங்கத் தலைவர் அவர். ‘வேர்களை மறவோம்’ என்று அவர் முழங்காத ஆண்டுவிழா இல்லை. வேர் நாறும் என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை. இடியப்பக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே கஞ்சாக் கடை திறந்தபோது, எதிர்ப்புப் பதாகை பிடித்து முன்வரிசையில் நின்றவரும் அவர்தான். பனி கொட்டக் கொட்ட நின்றார். பேப்பரில் படம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் மனைவி யோகாம்பிகைக்கு வயிற்றில் புற்று என்றார்கள்.

மருந்து ஏற ஏற, சோறு என்று சொன்னாலே அவளுக்கு ஓங்காளம் வந்தது. கஞ்சா பசியைத் தூண்டும், கொடுத்துப் பாருங்கள் என்றவர் வைத்தியர். எங்கும் வாங்கலாம் என்றும் சொன்னார்.

எங்கும்.

வைத்தியருக்கென்ன. றொறன்ரோவில் எந்தக் கடைக்குள் எந்தத் தமிழன் நிற்பான் என்று யார் கண்டது. தபாலில் எடுத்தால் கொண்டுவந்து தருகிறவனும் எங்கள் பெடியனாகத்தான் இருப்பான்.

வளர்த்தார்.

வாளிகளுக்குள் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மீன்தொட்டிக்கு வைப்பதுபோல ஒரு மோட்டார். அது நின்றால் வேருக்கு மூச்சு முட்டும், பிறகு அழுகும். அவருக்குத் தெரியும். ஆனால் மோட்டாரின் இரைச்சல் வரவேற்பறைவரை கேட்டது.

நோயாளி கிடக்கும் வீட்டுக்கு ஆட்கள் வராமல் இருப்பார்களா. அதுவும் தலைவர் வீடு. அப்பிள் வந்தது. ஹோர்லிக்ஸ் வந்தது. யாருக்கோ இதே வருத்தம் வந்து, யாருக்கோ சுகமான கதைகள் வந்தன. ஒருவர் எழும்ப, இன்னொருவர் மணி அடித்தார். ஒவ்வொரு மணிக்கும் அவர் கீழே ஓடி மோட்டாரை நிறுத்தினார். வாசத்தை மறைக்கச் சாம்பிராணி போட்டார்.

“தலைவர் வீட்டுக்குள்ள வந்தா, கோயிலுக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு,” என்றார் செயலாளர் குகநேசன். எழும்புவதற்கு மனமில்லாமல் இன்னொரு தேத்தண்ணீர் குடித்தார்.

கீழே வேர்களுக்கு மூச்சு முட்டியது.

மேலே அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அழுகியதை வெட்டினார். மிச்சத்தை ஓடும் தண்ணீரில் பிடித்தார். வெட்ட வெட்ட, மிச்சம் என்று ஒன்று இருக்கவில்லை.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு மேலே போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையில் வைத்த சூப் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. கரண்டி நனையவில்லை.

“பட்டுப்போச்சு,” என்றார்.

“நாலுமோ?”

“ஓம்.”

“திரும்ப நட்டா?”

“மூண்டு மாசம் செல்லும்.”

“மூண்டு மாசமோ,” என்று சிரித்தாள். விலை கேட்டுவிட்டுக் கடையை விட்டு நகர்கிறவள் போல.

சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை இறுக்கினாள். போர்வையின் ஓரம் அவள் கைக்குள் மெல்ல மெல்லச் சுருண்டது. அவர் எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினார். எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

நோவு விட்டதும் அவளே பேசினாள்.

“கடை இருக்கெல்லோ. நீங்க பனிக்குள்ள நிண்டு காவல் காத்த கடைதானே. உங்களை அவையளுக்கு நல்லாத் தெரியும்.”

அவர் தொப்பியை எடுத்தார். கம்பளித் தொப்பி. காதுவரை இழுத்துவிட்டார்.

வெளியே ஆடி மாத வெயில்.

கார் ஓடும்போது ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மேடைக்கு முன்னால் சொல்லிப் பார்ப்பதுபோல. பசிக்கு. மனுசிக்குப் பசிக்கிறதுக்கு. வேண்டாம், சுருக்கமாக, பசிக்கு.

இடியப்பக் கடை வாசலில் யாரோ “தலைவர்” என்று கை காட்டினார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். முகத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“என்னத்துக்கு எடுக்கிறீங்கள், அங்கிள்? நித்திரைக்கோ, பசிக்கோ?”

அவர் தொப்பியைக் கழற்றினார். வாயைத் திறந்தார். சொல்லிப் பார்த்த சொல் வரவில்லை.

“நோவுக்கு, பிள்ளை,” என்றார்.