வராதவர்களுக்கான பொம்மைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குணசீலன் மேசைமேல் கோட்டை வரைபடத்தை விரித்து, மூன்று நண்பர்களின் பொம்மைகளையும் அதில் நிறுத்தினார்.

ஞாயிறுதோறும் நால்வரும் கூடி ஆடும் கதை விளையாட்டை விற்கும் நிறுவனம், என்ன செய்து தந்தால் ஆசையாக வாங்குவீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டபோது, வர முடியாத நண்பனுக்குப் பதிலாக ஆடும் பொம்மை வேண்டும் என்று முதலில் எழுதியவர் அவர்தான். மழை பெய்தால் ஆட்டம் நின்றுபோகிறதே என்ற வருத்தம். பொம்மைகள் வந்தன. நண்பர்களின் குரலிலேயே பேசின. கதைக்குள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லும்; வேறு எது கேட்டாலும் பேசாது. அதன்பிறகு மழை இல்லாத ஞாயிறுகளிலும் யாரும் வரவில்லை.

கதை சொல்வது எப்போதும் குணசீலன்தான்.

"விடிஞ்சா ராஜா கோட்டைக்கு அடியில இருக்கிற குகைக்குள்ள போகணும். திரும்பி வருவானான்னு தெரியாது. கூட யாரு வர்றீங்க?"

"இதென்னடா கேள்வி? நான் முன்னாடி போறேன்," என்றது முபாரக்கின் பொம்மை.

"நீ முன்னாடி போனா எல்லாரும் குழியிலதான் விழணும். தள்ளு, நான் போறேன்," என்றது ஸ்டான்லியின் பொம்மை.

"ராஜாவைத் தனியா விடமாட்டோம்டா," என்றது செழியனின் பொம்மை.

குணசீலன் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை இருந்தது. உடன் ஓர் ஆள் இல்லாமல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து மூவருக்கும் போன் செய்திருந்தார். யாரும் எடுக்கவில்லை.

பகடையைக் கீழே வைத்துவிட்டுப் பொம்மைகளின் பக்கம் குனிந்தார்.

"டேய், நாளைக்குக் காலையில எனக்கு ஆபரேஷன். யாராவது கூட வர்றீங்களாடா?"