பாசிக்கு உறைக்காத மாத்திரை

கையிலிருந்த மாத்திரை அட்டையை அப்பாவின் கல்லாமேசை மேல் விசிறியடித்தாள் அம்சவேணி.

லத்தா கடைத்தெரு இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. மருந்து வாங்க நின்றிருந்த டோ கின் மே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஊரின் மறுகோடியில் இருக்கிற தின்கன்ஜூனிலிருந்து பஸ் பிடித்து வருகிற பர்மியப் பள்ளிக்கூட ஆசிரியை. வேறு கடை மருந்தை நம்பமாட்டார்.

அம்சவேணி பதிலுக்குச் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள்?

பல்கலைக்கழகத்தில் பாசியை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள் அவள். குளத்தில் கிடக்கிற அதே பாசிதான். அங்கே குடுவையில் வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். வெளிச்சம் பட்டால் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பிராணவாயுவை விடும். விட்டால், குடுவையில் பொருத்திய மெல்லிய குழாய்க்குள் ஒரு சிவப்புச் சாயத்துளி நகரும்.

காற்றில் கரியமில வாயு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் வாரிச் சேர்க்கப் பாசி ஒரு நொதியை வைத்திருக்கிறது. அந்த வகை நொதி மனிதக் கண்ணிலும் உண்டு. அதைக் கட்டிப்போட்டால் கண்ணுக்குள் நீரழுத்தம் குறையும். அதற்குத்தான் இந்த மாத்திரை.

பாசிக்கு இதைக் கொடுத்தால் துளி நின்றுவிட வேண்டும். கரியமில வாயுவைத் தாராளமாக ஊதிவிட்டால், நொதியின் தயவில்லாமலே பாசி பிழைத்துக்கொள்ளும். துளி மறுபடி நகரும். அவள் நிரூபிக்க வேண்டியது இவ்வளவுதான்.

சொந்தக் கடை இருக்க வெளியே வாங்குவானேன் என்று, அப்பாவின் அலமாரியிலிருந்தே ஓர் அட்டையை எடுத்துப் போயிருந்தாள்.

துளி நிற்கவில்லை.

மாத்திரையைக் கூட்டிப் போட்டாள். பாசி வெகு ஜோராக வேலை செய்துகொண்டிருந்தது. குடுவை கழுவத் தெரியாதவளெல்லாம் ஆராய்ச்சிக்கு வந்தால் இப்படித்தான் என்று பேராசிரியை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

இன்று காலை, கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோழியிடம் அதே மருந்தை வாங்கிப் போட்டுப் பார்த்தாள்.

துளி ஆணியடித்தது போல் நின்றது. கரியமில வாயுவை ஊதினாள். நகர்ந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அப்பா கடை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அம்மாவும் தினமும் இந்த மாத்திரையைத்தானே விழுங்குகிறாள்! அம்மாவுக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருக்கிற வலது கண்ணை இந்த மாத்திரைதான் காத்துக்கொண்டிருக்கிறது என்று வீடே நம்பிக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். இந்தச் சுண்ணாம்பை அப்பாவின் தலையில் கட்டிய மொத்த வியாபாரி எவனாயிருந்தாலும் சரி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்காமல் விடுவதில்லை. அப்பா பாவம். யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற மனிதர்.

“எவனோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்ப்பா! இது மருந்தே இல்ல, வெறும் மாவு! அம்மா கண்ணு போயிடும்ப்பா!”

இராமையா அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. குரலைக்கூடத் தணித்துக்கொள்ளவில்லை. டோ கின் மேவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

“ஏம்மா இப்படிப் பதறுற? உங்கம்மாவுக்குப் போய் இதையா குடுப்பேன்? அவளுக்குப் பாங்காக் சரக்கு தனியா எடுத்து வச்சிருக்கேன். இது யாவாரத்துக்கு.”

அம்சவேணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் அந்த நிம்மதியே அவளுக்குக் குமட்டியது.

அதற்குள் அப்பா, அவள் வீசிய அட்டையில் மிச்சமிருந்ததைக் கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டுவிட்டார். டோ கின் மே தன் மருந்துச் சீட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்து மருந்தின் பெயரைச் சரிபார்த்துவிட்டு, உறையை வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கை உறைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்த் தடவியது.

அம்சவேணி உறையைப் பிடுங்கினாள். டோ கின் மேயின் பக்கம் திரும்பி, பர்மிய மொழியில், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.