காரி ஏறிய பாறை

செவலை என்ற ஆட்டுக்கு உயரமான இடம் கிடைத்தால் போதும், உலகமே மறந்துவிடும். அவளுடைய தோழி காரி ஓர் எருமை. காலையில் குளத்தில் இறங்கினால் மாலைவரை தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

சந்தோஷம் என்றால் என்னவென்றே தெரியாமல் இவள் சேற்றில் கிடக்கிறாளே என்று செவலைக்குப் பாவமாக இருக்கும். "ஒரே ஒரு தடவை என்கூடப் பாறைக்கு வாக்கா. மேலே நின்னு பார்த்தாத்தான் உனக்குப் புரியும்" என்று ஒருநாள் கெஞ்சினாள்.

ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று காரியும் கிளம்பினாள். பாதி வழியில் கால் சறுக்கி, முட்டியில் ரத்தம் வந்தது. மேலே போன செவலை திரும்பி ஓடி வந்தாள்.

"போதும்க்கா, இறங்கிடலாம்."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பார்த்துட்டே போவோம்" என்று காரி மூச்சு வாங்க ஏறினாள்.

உச்சியில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"எப்படிக்கா இருக்கு?"

"நம்ம குளம் இங்கேருந்து எவ்வளவு அழகா இருக்கு பாரேன். வாடி, போகலாம்."

செவலையின் முகம் வாடியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்டவளை மெல்லக் கீழே கூட்டிவந்தாள். காரி தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் ஆகாத செவலை, அவளை விட்டுப் போக மனமில்லாமல் கரையிலேயே நின்றாள்.

"என் முதுகுல ஏறிக்கோ" என்றாள் காரி.

செவலை ஒரே தாவாகத் தாவி ஏறினாள். நடுக்குளத்தில், காரி அவளுக்காகத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்த அந்த அகன்ற முதுகின்மேல் நின்று நாலாபக்கமும் பார்த்தாள்.

"உயரம் கொஞ்சம் குறைச்சல்தான்" என்றாள். ஆனால் பொழுது சாயும்வரை இறங்கவே இல்லை.