ஒரு எஸ் கூடுதல்

"இங்க பாரு, என் ரத்தத்துல பாய்சன்னு போட்டிருக்கான்."

கடுதாசியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றார் கலியபெருமாள். அஞ்சலாட்சி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா பாத்தீங்களா?"

"பி, ஓ, ஐ, எஸ், எஸ், ஓ, என். எதிர்ல மூணு பிளஸ். மத்ததெல்லாம் வாயில நுழையாத பேரு. எல்லாத்துக்கும் மைனஸ்."

ஒரு வருஷமாக அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. சில நாள் உதடும் வீங்கிக்கொள்ளும். களிம்பும் மாத்திரையும் கேட்கவில்லை. பாரிசில் இருக்கும் அஞ்சலாட்சியின் தம்பி வெற்றிச்செல்வன் ஒரு பெட்டி அனுப்பிவைத்தான். வீட்டிலேயே விரலைக் குத்தி, அட்டையில் நாலு சொட்டு ரத்தம் வைத்துத் தபாலில் போட்டால், எந்தச் சாப்பாடு ஆகாது என்று பதில் வருமாம். வந்த பதில்தான் இது.

"உன் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டா?"

"வேணாங்க. நம்ம வீட்டு மானம் பிரான்ஸ் வரைக்கும் போவணுமா?"

அதுவும் சரிதான். தெருமுனையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கும் சொல்தா தெய்வசிகாமணி படித்துச் சொல்வார். ஆனால் அவர் அன்று காலையில்தான் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மெடிக்கல் ஷாப் கலைவாணனிடம் போனார் கலியபெருமாள்.

"பாய்சன்தான். ஒரு எஸ் கூட இருக்கு, அவ்ளோதான். பிரெஞ்சுக்காரன் எழுத்துக்குக் கஞ்சப்படுவானா? நம்ம ஊர்த் தெருவுங்களோட ரூ பேருங்களையே பாருங்க, எழுதுறதுல பாதி வாயில வராது" என்றார் கலைவாணன்.

நெல்லித்தோப்பு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கலியபெருமாளுக்குத் தலை சுற்றியது. மில் மூடிய பிறகு ஜவுளிக்கடையில் காவலுக்கு நிற்கிற ஆளுக்கு விஷம் வைத்து யாருக்கு என்ன லாபம்? பொண்டாட்டி நீட்டிய சோற்றுத் தட்டை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னையா சந்தேகப்படுறீங்க? மூணு வாரம் நாள் தவறாம காலண்டர் தாள்ல எழுதுங்க. இன்னா சாப்ட்டீங்க, யாரு செஞ்சது, தடிச்சுதா இல்லியா. தானா தெரிஞ்சிடும்" என்றாள் அஞ்சலாட்சி.

தெரியத்தான் தெரிந்தது. திங்கள் முதல் சனி வரை அஞ்சலாட்சியின் சாம்பாரும் முட்டைக் குழம்பும்; ஒன்றும் இல்லை. ஞாயிறு, நோணாங்குப்பத்திலிருந்து தங்கச்சி ஆதிலட்சுமி தூக்கில் கொண்டுவந்த மீன் குழம்பு, ராத்திரிக்குள் தடிப்பு. மூன்று ஞாயிறும் அப்படியே. கலியபெருமாள் மூன்று ஞாயிறுத் தாளையும் தனியாக எடுத்து மடித்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஆதிலட்சுமி தூக்கோடு கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்தாள். மகள் பூவிழிக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர்தான்.

"அண்ணிக்கு மீனு பக்குவம் என்னிக்கு வந்துது? நீ உக்காருண்ணே, நான் போடறேன்" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு."

ஆதிலட்சுமி சிரித்துக்கொண்டே அள்ளிச் சாப்பிட்டாள். "சாப்ட்டேன். இன்னா விசயம்?"

அவர் கடுதாசியை நீட்டினார். காலண்டர் தாள்களையும் நீட்டினார். விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளிறியது.

"என் கையில விஷமா? எங்கண்ணனுக்கா?" தூக்கை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

"அவளும்தானே சாப்ட்டா, அவளுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார் கலியபெருமாள், குழம்பிப்போய்.

"மாத்து மருந்து சாப்ட்டு வந்திருப்பாங்களோ என்னமோ. நான் யாரையும் குத்தம் சொல்லலப்பா" என்றாள் அஞ்சலாட்சி.

பூவிழி கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. தாய்மாமன் மாலை இல்லாமலே தாலி ஏறிற்று என்று கேள்விப்பட்ட அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் உடம்பு மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூன்று மாதமாக ஒரு தடிப்பு இல்லை. அப்போ அது உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டார். சாயங்காலம் உதடு வீங்கிவிட்டது. மெஸ்காரருக்கு என்மேல் என்ன பகை?

சொல்தா ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்ததும், வீங்கிய உதட்டோடும் கடுதாசியோடும் அவர் வீட்டுக்கு ஓடினார்.

"மத்தியானம் இன்னா சாப்ட்ட?" என்றார் சொல்தா.

"மெஸ்ஸுல வஞ்சிரம் வறுவல்."

"அதான். இது பாய்சன் இல்லப்பா. புவாசோன். பிரெஞ்சுல மீனு. யாரு செஞ்சாலும் மீனு உனக்கு ஆவாது."

கலியபெருமாள் கடுதாசியை வாங்கி அந்த எழுத்துகளையே திரும்பப் படித்தார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா... அன்னிக்குன்னு நீங்க ஊருல இல்லாம போயிட்டீங்களே" என்றார்.

சொல்தா அவரை விநோதமாகப் பார்த்தார்.

"கடுதாசி வந்ததுமே அஞ்சலாட்சி எடுத்தாந்து காட்டிச்சே. பெட்டி கட்டிகினு இருந்தவன், நின்னு படிச்சு, மீனுன்னு சொல்லி அனுப்பிட்டுதான நான் ஏர்போர்ட்டுக்குக் கெளம்புனேன்?"